விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே 90 நிமிடம் போதுமா?

மழைத்துளி
டிசம்பர் 23 மதியம் 2.10க்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறோம். விமான நிலையத்திலிருந்தே 3.40க்குக் கொலோன் போகும் ரயில் இருக்கிறது. அம்மா, நான், இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டிருக்கிறேன். செக்-இன் பெட்டி நாலு. ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) வெளியிலிருந்து வருவதால் இமிகிரேஷனும் அங்கேதான். மலிவு டிக்கெட் ஒவ்வொரு நாளும் விலை ஏறிக்கொண்டே போகிறது. இன்றே வாங்கிவிடட்டுமா?

வேகநடை
தாராளமாக வாங்குங்கள். அங்கே நீண்டதூர ரயில் நிலையம் 1999லிருந்தே விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. டெர்மினல் 1ல் இறங்கினால் மேல்பாலம் வழியாக நடந்தே போகலாம், ஊருக்குள் போய் ரயில் பிடிக்கும் வேலை இல்லை. நான் ஒரு முறை விமானக் கதவு திறந்து 50 நிமிடத்தில் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று பயமுறுத்தியே குடும்பங்களைப் பாதி நாள் பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பும் கொடுமைதான்.

கடிகாரமுள்
நீங்கள் வந்தது எந்த மாதம், கையில் எத்தனை பெட்டி என்று சொல்லவில்லையே நண்பரே. அந்த இரண்டிலும்தான் விஷயமே இருக்கிறது.

அவர் சொன்ன நேரங்களை அப்படியே வைத்துக் கணக்குப் போடுகிறேன். 2.10 என்பது விமானம் வந்து நிற்கும் நேரம். கதவு திறப்பது அதற்கும் பிறகு. (தாமத இழப்பீட்டு வழக்கு ஒன்றில், கதவு திறக்கும் நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014ல் தீர்ப்புச் சொன்னது. பயணிக்கும் அதுதான் உண்மையான நேரம்.) சக்கர நாற்காலிப் பயணிகளைப் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பிறகே இறக்குவார்கள். அதற்கே 2.40 ஆகிவிடும். அடுத்து இமிகிரேஷன். ஷெங்கன் எல்லையில் 2025 அக்டோபர் 12லிருந்து புதிய பதிவு முறை வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத பயணியின் முகத்தைப் படம் பிடித்து, கைரேகையும் எடுக்கிறார்கள். முதல் முறை பதிபவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் வரிசை எப்படி இருக்கும்? அதைத் தாண்ட 3.20 என்று வைத்தாலும் இன்னும் நாலு பெட்டி வர வேண்டும். விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலே கதை இதுதான்.

வேகநடை
சக்கர நாற்காலி உதவியாளர் கூட வந்தால் பல விமான நிலையங்களில் இமிகிரேஷனில் தனி வரிசை கிடைக்கும், குடும்பமும் கூடவே போகலாம். இறங்கும்போது போன நேரத்தை அங்கே மீட்டுவிடலாம். தவிர, விமான நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் உபரி நேரம் சேர்த்துத்தான் போடுகின்றன. 20 நிமிடம் முன்னாலேயே இறங்கிய விமானங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடிகாரமுள்
நானும் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே இறங்கி, கேட் காலியாகாமல் ஓடுபாதை ஓரத்தில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். இவர் மதிய விமானத்தில் வருகிறார். அந்த விமானம் காலையிலிருந்தே வேறு ஊர்களுக்குப் போய் வந்துகொண்டிருக்கலாம். காலையில் விழுந்த தாமதம் பொழுது போகப் போகக் கூடுமே தவிரக் குறைவது அபூர்வம். முன்கூட்டியே வந்துவிடும் என்ற நம்பிக்கையை வைத்து ரயில் டிக்கெட் வாங்கக் கூடாது.

பயணப்பை
பெட்டி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஊரும் நிறுவனமும் வேண்டாம். பண்டிகைக்கு முந்தின நாள், ரயிலுக்கு 40 நிமிடம் இருந்தது. பெல்ட்டில் ஒரே சிவப்புப் பெட்டி ஒன்பதாவது சுற்று வந்துகொண்டிருந்தது, கைப்பிடியில் ஒரு மஞ்சள் ரிப்பன். யாருடையது என்று தெரியவில்லை. நானும் என் கணவரும் ஒரு கண் பெல்ட்டிலும் ஒரு கண் ஃபோனிலுமாக நின்றோம். எங்கள் இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவே இல்லை. புகார் கவுன்ட்டரில் நீண்ட வரிசை. ரயில் போய்விடும் என்ற பதற்றத்தில், ஊருக்குப் போய் ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடினோம்.

ரயிலைப் பிடித்தோம். ஆனால் பெட்டி வரவில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுக்காததால், அது விமானத்தில்தான் தொலைந்தது என்று நிரூபிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் கைக்கு வந்ததிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். ஆனால் முதல் படிவத்தை அந்தக் கவுன்ட்டரிலேயே நிரப்பிவிடுங்கள். அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூன்றாம்பிளாட்பாரம்
இருவருமே நிமிடக் கணக்கில் நிற்கிறீர்கள். ரயில் போய்விட்டால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மனியில் 'ஸ்பார்பிரைஸ்' வகை மலிவு டிக்கெட்டில் நீண்டதூரப் பயணத்துக்குக் குறித்த ரயிலில்தான் ஏற வேண்டும். ரயிலே தாமதமானால் அந்தக் கட்டுப்பாடு தளரும். தனியாக வாங்கிய விமானத்தின் தாமதம் ரயில்வேயின் கணக்கில் வராது, புது டிக்கெட்தான். 'ஃபிளெக்ஸ்பிரைஸ்' வாங்கினால் அன்றைக்கு அந்த வழியில் எந்த ரயிலிலும் ஏறலாம். கொலோனுக்கு அங்கிருந்து அடிக்கடி ரயில் உண்டு, பயணமும் ஒரு மணி நேரம் போலத்தான். 3.40 போனால் அடுத்தது.

இதையே பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் செய்ய முடியாது. அங்கும் 1994லிருந்து டெர்மினல் 2லேயே டிஜிவி எனும் பிரெஞ்சு அதிவேக ரயிலுக்கான நிலையம் இருக்கிறது. ஆனால் டிஜிவியில் இருக்கை முன்பதிவு கட்டாயம், புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். பண்டிகை நாளில் அடுத்த ரயிலில் இடம் இல்லையென்றால் இல்லைதான்.

இன்னொரு வழி, விமானமும் ரயிலும் ஒரே பயணச்சீட்டில் வாங்குவது. லுஃப்தான்சாவின் எக்ஸ்பிரஸ் ரயில் ஏற்பாட்டில் ரயிலுக்கே விமான எண் கொடுக்கிறார்கள். விமானம் தாமதமாகி ரயில் போனால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

கடிகாரமுள்
டிக்கெட் செல்லும், சரி. உட்கார இடம்? டிசம்பர் 23 மாலை ரயிலில் அவர் அம்மா ஒரு மணி நேரம் நிற்பாரா? ஜப்பானில் புத்தாண்டு, கோல்டன் வீக், ஓபோன் என மூன்று விடுமுறை நெரிசல் காலங்களிலும் நொசோமி எனும் அதிவேக ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டிகளையே 2023 டிசம்பரிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டவர் அதே நாளில் அடுத்த நொசோமியில் ஏறலாம், ஆனால் பெட்டிக்கு வெளியே கதவோரம் நின்றபடிதான்.

மூன்றாம்பிளாட்பாரம்
நியாயமான கேள்வி. ஜெர்மனியில் இருக்கையைத் தனியாகவும் முன்பதிவு செய்யலாம். ஃபிளெக்ஸ்பிரைஸ் வாங்கி, இருக்கையை மட்டும் 5.30 வாக்கில் ஒரு ரயிலுக்குப் போட்டுவிட்டால் அம்மாவுக்கு இடம் நிச்சயம். எல்லாம் சீக்கிரம் முடிந்து முந்தைய ரயில் காலியாக வந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

வேகநடை
இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிலில் நான் அம்மாவையும் நாலு பெட்டியையும் கணக்கில் எடுக்கவில்லை, அது என் தவறு. ஆனாலும் கைப்பெட்டியோடு தனியாக வருபவருக்கு, அடிக்கடி ரயில் ஓடும் வழியில் 90 நிமிடம் போதும் என்பதில் நான் மாறவில்லை. விமானம் தாமதமானால் தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்கிற, அதே மான்ட்ரியல் உடன்படிக்கையின் 19வது பிரிவை வைத்து ரயில் டிக்கெட் பணத்தை விமான நிறுவனத்திடம் கேட்கலாமே?

கடிகாரமுள்
கேட்கலாம். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்தோம் என்று காட்டினால் நிறுவனம் தப்பிக்க அதே பிரிவில் இடம் இருக்கிறது. விமானப் பயணிகளின் உரிமைக்கான ஐரோப்பாவின் 261/2004 விதியில் தாமத இழப்பீடு என்பது மூன்று மணி நேரத் தாமதத்திலிருந்துதான். இவர் ரயிலைத் தவறவிட 40 நிமிடத் தாமதமே போதும்.

மழைத்துளி
எல்லோருக்கும் நன்றி. 3.40க்கு மலிவு டிக்கெட் வாங்கப் போவதில்லை. ஃபிளெக்ஸ்பிரைஸ் எடுத்து, 5.30ஐ ஒட்டி நாலு இருக்கை போட்டுவிடுகிறேன். அம்மாவுக்குக் கேட்டிருக்கும் சக்கர நாற்காலி ரயில் வரை வரும்தானே?

மூன்றாம்பிளாட்பாரம்
அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நீங்கள் விமான நிறுவனத்திடம் கேட்டது விமானத்துக்கான உதவி. ரயிலில் ஏற்றிவிடும் உதவி ரயில்வேயுடையது, அதை முந்தைய நாளுக்குள் தனியாகப் பதிய வேண்டும். விமானத் தரப்பு ஆள் எந்த இடம் வரை கொண்டுவந்து விடுவார், ரயில்வே ஆள் எங்கே வந்து நிற்பார் என்று இரண்டு பக்கமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரயில் என்று அவர்கள் கேட்பார்கள், இருக்கை போட்ட ரயிலையே சொல்லுங்கள்.

மழைத்துளி
இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக் காலையில் இரண்டு இடத்துக்கும் ஃபோன் போடுகிறேன்.