எண்டோமென்ட் என்பதற்கு ‘நந்தாமுதல்’ சரிவருமா?

டர்பனிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கோயில் சங்கத்தில் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு நிதி இருக்கிறது. அதன் நன்கொடை ரசீதையும் விதிகளையும் தமிழிலும் அச்சடிக்க வேண்டும் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பாட்டி ஒருவர் போன மாதக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். எண்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர். “நான் குடுக்கிற காசு என்ன ஆகும்னு என் பாஷையில எழுதிக் குடு தம்பி” என்றார். வேலை என்னிடம் வந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்: எண்டோமென்ட்.

கொடுத்த பணத்தைக் கரைக்காமல் முதலீட்டில் வைத்து, விளைவதில் ஒரு பகுதியை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துச் செலவிடுகிற நிதி. பொருள் இவ்வளவுதான். ‘அறக்கட்டளை’ என்று எழுதினால் அது பணத்தை ஆளுகிற அமைப்பைக் குறிக்கிறது, பணத்தை அல்ல. ‘நிலைநிதி’ என்றால் வங்கியில் போடும் நிலை வைப்பு என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘மூலதனக் கொடை’ கணக்காளருக்குச் சரி, பாட்டிக்கு ஆகாது. என் மனைவி ‘விதைநெல்’ என்றார். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருப்பதால் எனக்கு அதன் மேல் ஆசைதான். ஆனால் விதைநெல்லின் கணக்கு அடுத்த போகத்தோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டியது பேரன் பேத்திக்கும் அப்பால் போகிற சொல்.

அப்புறம் கல்வெட்டுப் பக்கம் போனேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. மந்தையை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரர் சூரியர் உள்ளவரை. சோழர் கல்வெட்டுகளில் இப்படி விட்ட ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்துச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் வைப்பது இடையரின் கடமை. ஆட்டுக்குக் கொடுத்த அடைமொழி போலத் தெரிந்தாலும், மேய்க்கிறவருக்கு இட்ட கட்டளை அது. எண்டோமென்ட் என்ற ஏற்பாட்டின் உயிர் இதில் இருக்கிறது. ‘அழியாநிதி’ என்று எழுதினால் பணம் குறையவே குறையாது என்று வாக்குக் கொடுத்தது போல ஆகும். பங்குச் சந்தையில் போட்ட பணம் குறையத்தான் செய்யும். 2009 ஜூனில் முடிந்த ஓராண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிதி சுமார் 3,700 கோடி டாலரிலிருந்து 2,600 கோடிக்கு இறங்கியது. குறைந்தாலும் மந்தையைத் திரும்பக் கட்டுவேன் என்கிற பொறுப்புத்தான் இதில் நிலையானது.

‘சாவாமுதல்’ என்று எழுதி, பாட்டிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “கோயில் ரசீதுல ‘சா’ன்னு ஆரம்பிப்பியா?” என்று கேட்டார். சரி என்று விட்டுவிட்டேன். விளக்கின் பெயரிலிருந்தே எடுத்தால் என்ன என்று தோன்றியது: நந்தாமுதல். நந்துதல் என்றால் கெடுதல், அணைதல். முதல் என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், கைமுதலிலும் முதலீட்டிலும் இருப்பது.

இன்னொரு சிக்கலையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இதே எண்டோமென்ட் என்ற சொல் உளவியலிலும் வருகிறது. தன் கைக்கு வந்துவிட்ட பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்புப் போடுவதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் எண்டோமென்ட் எஃபெக்ட் என்றார். 1990-இல் கானமன், நெட்ச், தேலர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் காப்பிக் குவளை கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குவளை ஒன்றே. கை மாறியதும் விலை ஏறிவிட்டது. இதை ‘உடைமைப்பற்று’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை.

இரண்டுக்கும் தமிழில் வெவ்வேறு வேர் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். கொடையாளி விட்டுப்போன கம்பெனிப் பங்கை விற்க நிர்வாகிகளுக்கு மனம் வராது. லண்டனில் வெல்கம் டிரஸ்ட் 1936-இல் தொடங்கியபோது நிறுவனர் ஹென்றி வெல்கமின் மருந்துக் கம்பெனி முழுவதும் அதன் கையில் இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1986-இல்தான் ஒரு பகுதியை வெளியே விற்றது. 1992-இல் இன்னொரு பகுதி, மீதி 1995-இல் கிளாக்ஸோ மருந்து நிறுவனத்துக்குப் போனது. அதற்குச் சட்டக் காரணங்களும் இருந்திருக்கும், எல்லாம் மனப்பற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணத்தைப் பல இடங்களில் பரப்பிய பிறகுதான் அது உலகின் பெரிய மருத்துவ ஆய்வு நிதிகளில் ஒன்றாக ஆனது. தஞ்சைக் கணக்கில் ஆடு பசுவாகவும் எருமையாகவும் மாறலாம். விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். நந்தாமுதலுக்கு உடைமைப்பற்று ஆகாது என்று ஒரு விதியைத் தமிழில் எழுத முடிகிறது பாருங்கள். ஆங்கிலத்தில் இதையே எழுதினால் ஒரே சொல் இரண்டு முறை வந்து குழப்பும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன் என்றால், 2020 மார்ச். ஊரடங்குக்கு முந்தின வாரம் எங்கள் கமிட்டி கூடியது. பொருளாளர் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதில் நிதியின் அன்றைய மதிப்பைச் சிவப்பு மையால் இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தார், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. தாள் கைக்குக் கை போனது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. “முதலுக்கே மோசம் வந்துடுச்சு” என்றார் ஒருவர். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டுவிடலாம் என்று முடிவானது. நானும் கை தூக்கினேன். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் வெளியே நின்றோம். மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த உதவியை இரண்டு வருடம் ஒரே பிள்ளைக்குக் கொடுத்தோம். மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சொன்னது நான்.

பிற்பாடுதான் படித்தேன். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் கணக்கிட்டார்கள். 1995-இல் பெனார்ட்ஸியும் தேலரும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள்: கணக்கை அடிக்கடி பார்க்கிறவருக்கு இழப்பு அடிக்கடி கண்ணில் படும், அதனால் அவர் பயந்து, நீண்ட நாளைக்கு நல்ல விளைச்சல் தரும் பங்கை விட்டு ஓடுவார். இரண்டு பேர் ஒரே நிதியை வைத்திருந்து, ஒருவர் மாதாமாதமும் மற்றவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் பார்த்தால், இரண்டு பேரும் வேறு வேறு முடிவு எடுப்பார்கள். இதற்குக் ‘கிட்டப்பார்வை இழப்பச்சம்’ என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், ஆனால் படித்ததும் புரிகிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கு இல்லை. சுமார் 3,400 ஓய்வூதிய, அறநிதி அமைப்புகளை ஆராய்ந்து 2008-இல் வந்த கோயல், வாஹல் கட்டுரையில், அவை நன்றாகச் சம்பாதித்த மேலாளரைத் தேடிப்பிடித்து அமர்த்திய பிறகு அந்தக் கூடுதல் லாபம் காணாமல் போனதாக இருக்கிறது. நேற்றைய மழையைப் பார்த்து இன்று நாற்று நட்ட கதை.

நந்தாமுதல் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

போர்ட் லூயிசிலிருந்து

தம்பிக்கு வணக்கம். ஆட்டுக் கணக்கை இரண்டு முறை படித்தேன். அருமை. ஆனால் ‘நந்து’ என்ற வினைக்கு அகராதியில் இரண்டு பொருள் உண்டு. கெடுதல் ஒன்று, பெருகுதல் இன்னொன்று. பெருகுதல் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் நந்தாமுதல் ‘வளராத முதல்’ ஆகிவிடுமே? முதலீட்டுக்கு இதைவிட மோசமான பெயர் உண்டா? ‘குன்றாமுதல்’ என்று வையுங்கள், சிக்கல் இல்லை.

இன்னொன்று. பணத்தின் மேல் எழுதுகிற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் அச்சான நோட்டில் தமிழின் வரிசை மாறியபோது ஊரே எழுந்தது, கடைசியில் நோட்டையே திரும்பப் பெற்றார்கள். உங்கள் பாட்டியின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

யாங்கோனிலிருந்து

வணக்கம். எங்கள் பக்கத்துப் பழைய சொல் மகமை. முகல் தெருவில் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில் வியாபாரத்திலிருந்து கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்கள், அதுதான் மகமை. உங்களுக்கு இது நேராகப் பொருந்தாது. மகமை வந்துகொண்டே இருக்கிற பணம், நீங்கள் கேட்பது நிற்கிற பணம். ஆனாலும் கொடுக்கிற மனதைப் பற்றி மகமை ஒன்று சொல்லித் தருகிறது. கணக்குப் புத்தகத்தில் சாமிக்கென்று ஒதுக்கிய பிறகு அந்தப் பணம் நம்முடையது என்ற நினைப்பே வராது. உடைமைப்பற்று வருவதற்கு முன்பே அதை அறுத்துவிடுகிற வழி அது. ‘உடைமைப்பற்று’ என்ற சொல்லுக்கு என் ஓட்டு.

டர்பனிலிருந்து மீண்டும்

அக்கா, நந்துதலின் இரண்டு பொருளை நான் கவனிக்கவில்லை. நன்றி. இரண்டு நாள் யோசித்தேன். ‘குன்றாமுதல்’ பிழையில்லாத சொல். ஆனால் குன்றாது என்பது மறுபடியும் பணத்தைப் பற்றிய வாக்கு. மதிப்பு குன்றிய மாதத்தில் அந்தச் சொல்லே எங்கள் கமிட்டியைக் கலங்கடிக்கும். நந்தா என்றதும் கோயிலுக்குப் போகிற யாருக்கும் விளக்குத்தான் நினைவுக்கு வரும், விளக்கு என்றால் எண்ணெய் ஊற்ற ஒரு ஆள் உண்டு. பெருகுதல் என்ற பொருள் பழைய பாட்டில் இருக்கிறது, ‘நந்தா’ என்ற எதிர்மறை மக்கள் மனத்தில் விளக்கோடு ஒட்டிவிட்டது. அதனால் நந்தாமுதலையே வைத்துக்கொள்கிறேன்.

யாங்கோன் ஐயா சொன்ன கொடுக்கிற மனதுதான் இங்கே எனக்குப் பெரிய கவலை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். கரும்புத் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்துக் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1890-இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அந்தக் கொடையை ஊர் மறக்கவில்லை, ஏனென்றால் சுவர் தெரிகிறது. இன்றும் ஒரு மண்டபத்துக்குக் கேட்டால் கொடுக்கிறார்கள், கல்லில் பெயர் வரும். நிதிக்குக் கேட்டால் “அது எங்க இருக்கு?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியாத பணத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்க எங்களிடம் ஒரு சொல்தான் இருக்கிறது. விளக்கு என்றால் தெரியும்.

எடுக்கிற பகுதியைப் பற்றியும் ஒரு வரி. ‘வட்டி மட்டும் செலவு’ என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் நிர்வாகிகள் வட்டி தருவதை மட்டுமே வாங்குவார்கள், பங்குப் பக்கம் போகமாட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பழக்கத்தில் கிடந்ததை 1969-இல் ஃபோர்டு அறநிறுவனத்தின் அறிக்கைகள் எடுத்துச் சொல்லின. இடையர் நெய் அளந்தார், ஆனால் குட்டியும் விளைச்சல்தான். 96 குறையாத வரை மிஞ்சிய குட்டியை விற்கலாம் என்பது என் வாதம். எவ்வளவு எடுப்பது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் முறை பிடித்திருக்கிறது: போன வருடச் செலவை விலைவாசிக்கு ஏற்றபடி திருத்தி அதற்கு 80 பங்கு எடை, நிதியின் மதிப்பில் முன்பே குறித்துவைத்த ஒரு விழுக்காட்டுக்கு 20 பங்கு எடை. சந்தை விழுந்த வருடத்திலும் பிள்ளைகளின் உதவி ஒரேயடியாக விழாது. 2020-இல் இந்த ஒரு வரி எங்கள் விதியில் இருந்திருந்தால் நான் அந்த இரண்டு வீடுகளுக்கும் போயிருக்க வேண்டாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியப் பணத்தையும் இரண்டு பானையாகப் பிரித்துவிட்டார்கள். அன்று முதல் போடுகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவசரத்துக்கு எடுக்கலாம், மீதியை ஓய்வு பெறும்வரை தொட முடியாது. முன்பு வேலையை விட்டால் முழுவதையும் எடுத்துக்கொண்டு போவார்கள். தொடக் கூடாத பானையையும் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், பக்கத்தில் தொடுகிற பானை ஒன்று இருந்தால். அதனால் எங்கள் விதியிலும் ஒரு சின்ன ‘கைப்பானை’ சேர்த்திருக்கிறேன், மழையில் கூரை ஒழுகினால் அதிலிருந்து எடுக்க. மதிப்பு அறிக்கை கமிட்டிக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். பொருளாளர் மட்டும் மாதாமாதம் பார்ப்பார்.

ரசீதில் போகப்போகிற வாசகம் கீழே. வரும் ஞாயிறு கமிட்டிக்கு முன் திருத்தம் இருந்தால் எழுதுங்கள். பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டேன், ‘மந்தை’ வேண்டுமா என்று கேட்டார், வேண்டும் என்றேன், சரி இருக்கட்டும் என்றார்.

“தாங்கள் தந்த தொகை நந்தாமுதலில் சேர்ந்தது. மந்தை குறையாமல் காப்பது எங்கள் பொறுப்பு. விளைவதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.”