பிளாஸ்மா வெட்டு மேசை அமைக்க எண்ணுகிறேன்: மின்சாரம், காற்று, புவித்தொடுப்பு பற்றி ஆலோசனை தேவை

பரந்தன் வேலைத்தளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பரந்தனில் ஒட்டு வேலைத்தளம் ஒன்றை நடத்தி வருகிறேன். உழவு இயந்திரப் பெட்டி, கலப்பைச் சட்டம், வீட்டுக் கேற் ஆகியவையே எமது வேலைகளில் பெரும்பாலானவை. தகடுகளை இதுவரை காஸ் கட்டிங் மூலமும் கிறைண்டர் மூலமும் வெட்டி வருகிறோம். பெரும்போகத்துக்கு முன்னர் ஒரே வடிவத்தில் பல துண்டுகள் கேட்கப்படும்போது கையால் வெட்டி முடிப்பது பெரும்பாடாக இருக்கிறது. ஆகவே 4 அடிக்கு 8 அடித் தகடு முழுதாகப் படுக்கக்கூடிய, கணினி இயக்கும் பிளாஸ்மா மேசை (மின்வில்லால் கடுஞ்சூடாக்கிய காற்றைப் பீச்சித் தகட்டை வெட்டுவது) ஒன்றை அமைக்க விரும்புகிறேன். சட்டத்தையும் தண்டவாளத்தையும் நாமே செய்துகொள்வோம். 45 அம்பியர் பிளாஸ்மா இயந்திரம் வாங்கும் எண்ணம். தற்போது 30 அம்பியர் தனிப் பேஸ் இணைப்பும் 3 குதிரைவலுக் கொம்பிறசரும் உள்ளன. வெட்டப்போகும் தகடு 1.5 மில்லிமீற்றர் முதல் 10 மில்லிமீற்றர் வரை. இவை போதுமா? மேசையின் கீழ் தண்ணீர்த் தொட்டி வைப்பதா, புகையை இழுக்கும் விசிறி வைப்பதா?

வவுனியாவிலிருந்து ஒருவர்:

ஐயா, தங்கள் இணைப்பு போதாது. 45 அம்பியரில் வெட்டும்போது மின்வில்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ 140 வோல்ற்று வரை இருக்கும் என்பதால் டோர்ச்சில் (வெட்டும் தலைப்பகுதியில்) மட்டுமே 6 கிலோவாற்றுக்கு மேல் செலவாகிறது. இயந்திரத்தின் இழப்பையும், அதே நேரத்தில் ஓடும் கொம்பிறசரையும் சேர்த்தால் 230 வோல்ற்றில் 30 அம்பியர் என்ற எல்லையைத் தாண்டிவிடும். மூன்று பேஸ் இணைப்புக்கு மின்சார சபையிடம் முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இயந்திரத்தையும் 400 வோல்ற்றில் இயங்கும் வகையாகவே தெரிவு செய்யுங்கள்.

ஆயினும் இந்த வேலையில் பணத்தை விழுங்குவது மின்சாரமன்று, ஈரக் காற்றே. இந்த அளவு டோர்ச்சுக்கு நிமிடத்துக்கு 190 லீற்றர் அளவில், 6 பார் அமுக்கத்துக்குச் சற்றுக் குறைவான காற்று இடைவிடாமல் வேண்டும். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள மாரி நாளொன்றில் அவ்வளவு காற்றை ஒரு மணிநேரம் உறிஞ்சினால் அதனோடு கால் லீற்றருக்கு மேல் நீரும் உள்ளே வருகிறது. இந்த நீரில் ஒரு பங்கு ஆவியாகவே குழாய் வழியே செல்வதால், கடைகளில் விற்கும் கண்ணாடிக் கிண்ண வடிகட்டி அதைத் தடுப்பதில்லை. அது துளிகளை மட்டுமே பிடிக்கும். ஆவி டோர்ச்சை அடைந்தால் அதனுள் இருக்கும் மின்முனையின் நுனியிலுள்ள ஹாஃப்னியம் என்ற உலோகம் விரைவில் குழிந்துபோகும், காற்று வெளிவரும் நொசிலின் துளையும் வட்டம் இழந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல மேசையாக இருந்தாலும் வெட்டு சரிவாகவே விழும்.

ஆகவே கொம்பிறசரிலிருந்து வரும் சூடான காற்றை, தண்ணீர் நிரம்பிய பரலுக்குள் சுருளாக அமைத்த உலோகக் குழாயினூடாகச் செலுத்திக் குளிரவையுங்கள். சுருளின் அடியில் வடிகால் திருகு ஒன்று வைத்து, அதன் பின்னர் வடிகட்டியையும், குளிரூட்டி வகை உலர்த்தியையும் பொருத்துங்கள். தங்கள் 3 குதிரைவலுக் கொம்பிறசர் ஓய்வின்றி ஓடவேண்டிவரும். சிறிய பிஸ்ரன் கொம்பிறசர்கள் அப்படி ஓடுவதற்கு ஆனவை அல்ல. 5 குதிரைவலுவுக்குக் குறையாமல், பெரிய தாங்கியோடு வாங்குவதே நல்லது.

மாங்குளத்தார்:

மேலே சொல்லப்பட்ட காற்றுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு நிகரான இன்னொரு பிரச்சினை புவித்தொடுப்பு (எர்த்). எமது பகுதியில் கோடை நீளும்போது மண் காய்ந்து, அதில் அடித்த செப்புக் கோலின் மின்தடை பல மடங்கு கூடிவிடும். மேசைக்கெனத் தனிக் கோலை ஆழமாக அடித்து, வறண்ட மாதங்களில் அவ்விடத்துக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். அந்தக் கோலைக் கட்டடத்தின் பிரதான எர்த்துடன் பிணைக்கும் வேலையை மின்னியலாளர் ஒருவரே செய்யவேண்டும். பிளாஸ்மா இயந்திரத்தின் மின்சுற்றை முடிக்கும் கிளாம்பைத் துருப்பிடித்த கீழ்ச் சட்டங்களில் மாட்டாமல், வெட்டும் தகட்டிலேயே மாட்டுவது முக்கியம்.

உயர் அதிர்வெண் மின்பொறியால் வில்லைத் தொடங்கும் மலிவு இயந்திரங்களைத் தவிருங்கள். அந்த மின்பொறி கணினியை நிறுத்திவிடும், அல்லது மோட்டர்களைத் தவறான இடத்துக்கு நகர்த்தும். டோர்ச்சுக்குள் மின்முனையும் நொசிலும் தொட்டிருந்து, காற்றமுக்கத்தால் விலகி வில்லை உண்டாக்கும் வகையே கணினி மேசைக்கு உகந்தது. கட்டுப்பாட்டுப் பலகையைக் கணினியோடு இணைக்க யூஎஸ்பியை விட ஈதர்நெட் கேபிள் உறுதியானது. மென்பொருளுக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. இயந்திரங்களைக் கணினியால் இயக்கும் லினக்ஸ்சிஎன்சி (LinuxCNC) இலவசமானது, அதில் பிளாஸ்மாவுக்கென்றே கியூரி பிளாஸ்மாசி (QtPlasmaC) என்ற பகுதியும் இருக்கிறது.

டோர்ச்சின் உயரத்தைத் தானாகச் சீர்செய்யும் கருவி இல்லாமல் மெல்லிய தகட்டை வெட்ட முயலவேண்டாம், ஏனெனில் அது சூட்டில் மேலெழும். அக்கருவி வில்லின் வோல்ற்றளவைப் பார்த்தே உயரத்தைக் கணிக்கிறது. மூலைகளில் இயந்திரம் மெதுவாகும்போது வோல்ற்றளவு கூடும். டோர்ச் உயர்ந்துவிட்டதாகக் கருதி கருவி அதைத் தகட்டின் மேல் இறக்கிவிடும். ஆகையால் மூலைகளில் கருவி செயற்படாதவாறு அமைக்கவேண்டும். மின்முனை தேயத்தேயவும் இதே விளைவு ஏற்படும்.

பரந்தன் வேலைத்தளம்:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிக்கிறேன். தண்ணீர்த் தொட்டி பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. பெட்டிகளின் கொழுவிக்கான 10 மில்லிமீற்றர்த் துண்டுகளில் 12 மில்லிமீற்றர் ஆணித் துளைகளையும் பிளாஸ்மாவிலேயே போடலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

முல்லைத்தீவுப் பட்டறை:

தண்ணீர்த் தொட்டியையே தெரிவு செய்யுங்கள். விசிறி வைத்தால் வடிகட்டியும் குழாயும் வேண்டும்; அவையின்றி வெளியே தள்ளிய தூசி அயலவரின் முற்றத்தில் படியும். தகட்டின் அடிப்புறத்துக்குச் சற்றுக் கீழே நீர்மட்டம் இருந்தாலே தூசியின் பெரும்பகுதி நீரில் அடங்கிவிடும், மெல்லிய தகடும் குறைவாகவே நெளியும். அலுமினியத்தை மட்டும் இந்தத் தொட்டியின் மேல் வெட்டாதீர்கள்: உருகிய அலுமினியம் நீரோடு சேர்ந்து ஐதரசனை வெளிவிடும், அது தகட்டின் கீழ் தங்கி வெடிக்கக்கூடும். துத்தநாகம் பூசிய தகடானால் தண்ணீர் இருந்தாலும் முகமூடி வேண்டும். வேலையில்லாத நாட்களில் நீரை வேறு தாங்கிக்கு இறக்கி மூடிவையுங்கள். நுளம்பு பெருகினால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

துளை பற்றி: 10 மில்லிமீற்றர்த் தகட்டில் 12 மில்லிமீற்றர்த் துளையைப் போடலாம், ஆனால் அது கூம்பாகவே வரும். கொழுவி சுமை தாங்கும் இடம் என்பதால் பிளாஸ்மாவால் மையத்தை மட்டும் குறித்து, துளையைத் துரப்பணத்தால் போடுங்கள். வெளி விளிம்பை வலஞ்சுழியாகவும் உள்துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்டினால் செங்குத்தான பக்கம் தங்கள் துண்டிலேயே அமையும். காற்றுப் பிளாஸ்மா வெட்டிய விளிம்பில் நைதரசன் ஏறியிருப்பதால், அதன் மேல் நேரடியாக ஒட்டினால் ஒட்டில் நுண்துளைகள் விழும். கொழுவித் துண்டுகளின் விளிம்பைக் கிறைண்டரால் சற்று உரசிய பின்னரே ஒட்டுங்கள். கேற் அலங்காரத் துண்டுகளுக்கு அது தேவையில்லை.