அல்ஜியர்ஸ் படத்துப் பெண்கள் ஏன் பேசுவதில்லை?

மாயவரத்தாள்: ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ திரையிட்டார்கள். பிரான்சை எதிர்த்த அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றி ஜில்லோ பொன்டெகொர்வோ 1966-இல் எடுத்தது. முடிந்ததும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய இடம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. மூன்று பெண்கள் கண்ணாடி முன்னால் முடியை வெட்டி, ஐரோப்பிய உடைக்கு மாறி, குண்டோடு சோதனைச்சாவடியைத் தாண்டுகிறார்கள். உடை மாற்றும் காட்சியில் மேளம்தான் பேசுகிறது. திட்டம் சொல்வதெல்லாம் போராளிகளின் தலைவன் ஜாஃபர். 1956 செப்டம்பர் 30 அன்று அல்ஜியர்ஸ் நகரின் மில்க் பார் என்ற கடையில் நிஜமாகவே குண்டு வைத்த சோரா திரிஃப் சட்டம் படித்த மாணவி. வாயில்லாப் பூச்சியா அவர்?

கொள்ளிடக்காரன்: அக்கா, தலைமறைவு வேலையில் யார் உட்கார்ந்து வசனம் பேசுவார்கள்? குண்டோடு கடைக்குள் போனவள் சுற்றியிருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஐஸ்கிரீம் தின்கிற குழந்தையும் அதில் உண்டு. பார்த்த பிறகும் வைக்கிறாள். இதைவிட என்ன பேச வேண்டும்? படத்தின் நாயகன் அலிகூடத்தான் அதிகம் பேசுவதில்லை.

மாயவரத்தாள்: அலி பேசாவிட்டாலும் அவன் கதை நமக்குத் தெரியும். படிப்பில்லாதவன், சிறைக்குப் போனவன், தலையை வெட்டும் கில்லட்டினைச் சிறைச் சன்னல் வழியாகப் பார்த்தவன். அந்த மூவரும் யார் வீட்டுப் பிள்ளைகள், ஏன் வந்தார்கள்? ஒன்றும் கிடையாது.

கூத்தாநல்லூர் பாய்: ஒரு விஷயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். அந்தப் பெண்களின் வெள்ளைப் போர்வை எங்கள் நன்னிமா காலத்துத் துப்பட்டி மாதிரியே இருந்தது. வேறு ஆளாக இருந்தால் அதைக் கழற்றுவதுதான் விடுதலை என்று முடித்திருப்பார். இங்கே போட்டாலும் ஆயுதம், கழற்றினாலும் ஆயுதம். ஆண்களும் அதைப் போர்த்திக்கொண்டு வந்து, காலணியால் மாட்டிக்கொள்கிறார்கள். தொழில்முறை நடிகர் என்று பார்த்தால் பிரெஞ்சு கர்னலாக வரும் ஜான் மார்த்தன்தான்; மற்றவர்கள் பெரும்பாலும் ஊர் ஜனங்கள். இந்த அளவுக்கு மரியாதையாக எங்களை எத்தனை படம் காட்டியிருக்கிறது?

மாயவரத்தாள்: சரி பாய், அதை நான் மறுக்கவில்லை. சமூகத்துக்கு மரியாதை கிடைத்தது, பெண்ணுக்குப் பாதிதான் கிடைத்தது.

வெண்ணாறு: முடிவெட்டு என்றதும் நம் மணலூர் மணியம்மை ஞாபகம் வந்தது. கிராப்பு, வேட்டி, சட்டை, சைக்கிள். கீழத்தஞ்சைப் பண்ணையாட்களோடு செங்கொடி பிடித்து நின்றவர். அவருடைய கிராப்பு யாரை ஏமாற்றவும் போட்ட வேஷமில்லை. அவரைப் படமெடுத்து, மேளத்தைப் போட்டுப் பேச்சை எடுத்துவிட்டால் நாம் சும்மா இருப்போமா? வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்றால் ராஜாஜியும் சர்தார் வேதரத்தினமும்தான் வாயில் வருகிறார்கள். அதே உப்புக்காக 1930-இல் சிறைக்குப் போன ருக்மிணி லட்சுமிபதியை எத்தனை பேர் சொல்கிறோம்?

கொள்ளிடக்காரன்: தோழர், படம் வந்த வருஷத்தையும் பாருங்கள். சுதந்திரம் கிடைத்து நாலே வருஷம். கடைசிக் காட்சியில், 1960 டிசம்பர் ஊர்வலத்தில், போலீஸ் தள்ளத் தள்ளக் கொடியோடு ஆடிக்கொண்டே முன்னால் வருவது ஒரு பெண்தானே?

மாயவரத்தாள்: ஆமாம், அங்கேயும் ஆடத்தான் விட்டார்கள்! அப்புறம் 1984-இல் அல்ஜீரியாவில் குடும்பச் சட்டம் போட்டு, பெண்ணின் கல்யாணத்துக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்றார்கள். குண்டு சுமந்த தலைமுறைப் பெண்களே தெருவில் இறங்கி எதிர்க்க வேண்டியிருந்தது.

கொள்ளிடக்காரன்: அதற்குப் படமெடுத்த இத்தாலிக்காரர் பொன்டெகொர்வோ என்ன செய்வார்? 1984-க்கும் அவரையே பதில் சொல்லச் சொல்வீர்களா?

மாயவரத்தாள்: இல்லை தம்பி. நான் கேட்பது ஒரே ஒரு வசனம். ‘அந்தக் கடைக்குக் குழந்தைகள் வருவார்கள், வேண்டாம்’ என்றோ, ‘வந்தாலும் அங்கேதான் வைப்பேன்’ என்றோ ஒருத்தியாவது ஜாஃபரிடம் வாதாடியிருக்கலாம்.