புதுப்பிப்பு: ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) ரீடிங்கில் நேரம் பத்தவில்லை என்று கேட்டிருந்தேனே

களியக்காவிளையிலிருந்து கேட்ட நர்ஸ்தான். பார்ட் ஏ-யில் 15 நிமிடத்துக்குள் 20 கேள்வி முடியவில்லை என்று புலம்பியிருந்தேன், இப்போது முடிகிறது. அதில் படிக்கத் தரும் நாலு துண்டுகளையும் முழுசாகப் படிப்பதை விட்டுவிட்டு, தலைப்பையும் அட்டவணையையும் மட்டும் ஒரு ஓட்டம் பார்த்து, எதில் மருந்தளவு, எதில் அறிகுறி என்று மனதில் வைத்துக்கொண்டு நேரே கேள்விக்குப் போய்விடுகிறேன். விடையை அந்தத் துண்டில் இருக்கிறபடியே எழுத வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் மார்க் கிடையாது. சொற்களைப் படிக்கத் தனி லிஸ்ட் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நைட் டியூட்டியில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிக்கிறேன், 'கான்ட்ராஇண்டிகேஷன்' (மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது), 'அட்வர்ஸ்' (பாதகமான) எல்லாம் அதிலேயே திரும்பத் திரும்ப வருகிறது (கண்ணாடி இல்லாமல் முடியாது, அவ்வளவு பொடி எழுத்து). திருவனந்தபுரம் கோச்சிங்குக்கு பஸ் ஏறச் சொன்ன அக்காமார் கோபிக்காதீர்கள், ஷிப்டு விடவில்லை. அப்புறம், பார்ட் சி இன்னும் இழுக்கிறது, அதில் வரும் கட்டுரையை எழுதியவர் மனதில் என்ன நினைக்கிறார் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.