மயங்கி விழுந்தவரைச் சுற்றி நின்றோம், ஒருவரும் குனியவில்லை

கேள்வி: தலவாக்கலை ஆசிரியை

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை மாலை பாடசாலை முடிந்து நகரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். தூறல் விழுந்ததால் கூரையின் கீழ் ஏறக்குறைய முப்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். அப்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் கோதுமை மாவுப் பையுடன் அப்படியே சரிந்து விழுந்தார். பை கிழிந்து ஈரத்தரையில் கொட்டிய மாவு அவருடைய ஒரு பக்கக் கன்னத்திலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. நான் அவரைப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். "குடித்திருப்பார்" என்று யாரோ மெல்லச் சொன்னபோது எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து, மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவருடைய தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் கால்கள் அசைந்தன. அவர் சீனி வருத்தக்காரர். சீனி குறைந்து மயங்கியிருக்கிறார். மதுவின் வாடையே அவரிடம் இல்லை.

எங்கள் தோட்டத்தில் குளவி கலைந்து கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டும்போது, தங்களையும் கொட்டும் என்று தெரிந்தே படங்கைப் போர்த்திக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கி வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். அதே நாங்கள் நகரத்தில் ஏன் மரம்போல் நின்றோம்? விளக்கம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.

மறுமொழி 1: உளவியல் மாணவன், பேராதனை

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. என்ன நடக்கிறது என்று தெளிவாகத் தெரியாதபோது மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே நாம் முடிவுக்கு வருகிறோம். அவர்களும் நம் முகத்தைப் பார்த்து அதையே செய்வதால், உள்ளுக்குள் பதறுகிற முப்பது பேரும் வெளியே அமைதியாக நின்று ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968 இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்களுக்கு, வேறொரு அறையில் ஒருவர் வலிப்பு வந்து திணறுவதுபோன்ற குரல் கேட்கும்படி செய்யப்பட்டது. தான் ஒருவரே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து சென்றார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே எழுந்தார்கள். எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களில் பலருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

"குடித்திருப்பார்" என்ற சொல்லுக்கும் ஒரு சான்று உண்டு. 1969 இல் வெளியான, நியூயோர்க் சுரங்க ரயிலில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், கைத்தடியுடன் விழுந்தவருக்கு ஏறக்குறைய எல்லாத் தடவையும் யாராவது உதவினார்கள்; மது வாடையுடன் போத்தலை வைத்துக்கொண்டு விழுந்தவருக்குத் தாமாக உதவ வந்தது பாதித் தடவைகளில் மட்டுமே.

தோட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கிலாந்தில் 2005 இல் வெளியான ஆய்வொன்று பொருந்தும். மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள், தங்கள் அணியின் மேலாடை அணிந்து விழுந்தவருக்கு ஓடி உதவினார்கள். எதிரணியான லிவர்பூலின் மேலாடை அணிந்தவரைப் பெரும்பாலும் கடந்து சென்றார்கள். ஆனால் தங்களைப் பொதுவாகக் கால்பந்தாட்ட ரசிகர்களாக நினைக்கும்படி முன்கூட்டியே தூண்டப்பட்டவர்கள் லிவர்பூல்காரருக்கும் உதவினார்கள். குளவி கொட்டியவர் நம் லயத்து ஆள். பஸ் நிலையத்தில் விழுந்தவர் யாரோ ஒருவர்.

மறுமொழி 2: ஓட்டோ ஓட்டுபவர், ஹட்டன்

தம்பி சொல்லும் ஆய்வுகளை மறுக்கவில்லை, ஆனால் எங்களைப் போன்றவர்கள் தயங்குவது முகத்தைப் பார்த்து அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன், மழையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரரை என் ஓட்டோவில் ஏற்றிச் சென்றேன். இருக்கை முழுவதும் இரத்தம். அவரை ஒப்படைத்த இடத்தில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "நீயா இடித்தாய்?" என்பதுதான். அவர் நினைவு திரும்பி உண்மையைச் சொல்லும்வரை, ஒன்றரை நாள் என் ஓட்டோ ஓடவில்லை. அவர் சிங்களம் பேசுபவர். என் சிங்களம் வாடகை பேசுவதற்குப் போதுமே தவிர, நடந்ததை வரிசையாக எடுத்துச் சொல்லப் போதாது. இன்றும் அப்படி ஒருவர் கிடந்தால் ஏற்றுவேன், ஆனால் ஏற்றுவதற்கு முன் அந்த ஒன்றரை நாள் என் கண்முன் வந்து போகும். இந்தியாவில் 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு வழங்கியிருக்கிறார்கள். அத்தகைய பாதுகாப்பு இங்கே ஒவ்வோர் ஓட்டோ தரிப்பிடத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர், பண்டாரவளை

மகள், கூட்டத்தைப் பார்த்து "யாராவது வாருங்கள்" என்று கத்தினால் யாரும் வரமாட்டார்கள். ஒருவரைக் கையால் சுட்டி, "நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்கள் 1990 க்கு அழையுங்கள், குடை பிடித்திருக்கும் அக்கா, நீங்கள் இவருடைய காலைப் பிடியுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லப்பட்டவர் அதன் பிறகு கூட்டத்தில் ஒருவராக இருக்க முடியாது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இயங்கும் 1990 அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. தோட்டத்திலிருந்து அழைப்பவர்கள் லயத்தின் எண்ணை மட்டும் சொன்னால் வண்டி வந்து சேராது. தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது தொழிற்சாலை, பிரதான வீதியில் திரும்பும் இடம் ஆகியவற்றைச் சொல்லி, அந்தச் சந்தியில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

என்ன செய்வதென்று தெரியாததும் கையைக் கட்டிவிடுகிறது. மயங்கியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம்; அது மூச்சுக்குழாயில் இறங்கி ஆளையே கொல்லக்கூடும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சீனி குறைந்தவர் விழித்திருந்து விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் சீனித் தண்ணீர் கொடுங்கள். மூச்சே இல்லாவிட்டால், அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றராவது உள்ளே போகும்படி அழுத்துங்கள்.

மறுமொழி 4: உளவியல் மாணவன், பேராதனை

ஓட்டோ அண்ணன் சொன்ன அச்சத்தை நான் விட்டுவிட்டது பிழைதான். இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1964 இல் நியூயோர்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற பத்திரிகைச் செய்தியே இந்த ஆய்வுகளுக்கெல்லாம் தூண்டுதலாக அமைந்தது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. அயல்வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடி வந்து, இறந்துகொண்டிருந்த அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். தெருக் கமராக்களில் பதிவான 219 சச்சரவுகளை மூன்று நாடுகளில் ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டதைக் கண்டிருக்கிறார்கள். ஆபத்து வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் மனிதர்கள் வருகிறார்கள்.

கேட்டவர்: தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இன்று மரக்கறி அம்மாவைத் தேடிச் சென்று, எங்களுக்கு வராத துணிவு உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "துணிவு இல்லை மகள், எங்கள் வீட்டுக்காரருக்கும் சீனி, வியர்த்து விழுகிற விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். பண்டாரவளை ஐயா, எங்கள் பாடசாலையின் உயர்தர மாணவர்களுக்கு இவற்றை நேரில் செய்து காட்ட ஒரு நாள் வர இயலுமா? அந்த அம்மாவையும் அழைத்திருக்கிறேன். உங்களுக்கு வசதியான நாளை எழுதினால் அதிபரிடம் அனுமதி பெற்று வைக்கிறேன்.