கரிசலில் புதையும் தார் ஜீப்புக்கு எந்த வின்ச் வாங்கலாம்?

உடுமலை_காத்தாடி:
வணக்கமுங்க. குடிமங்கலம், பெதப்பம்பட்டி பக்கம் காத்தாடி (காற்றாலை) பராமரிப்பு வேலை எனக்கு. காற்று சீசன் முடிந்த பிறகுதான் மிஷினை நிறுத்திப் பெரிய வேலை பார்க்க விடுவார்கள், அது சரியாக ஐப்பசி மழையில் வந்து நிற்கும், அப்புறம் கரிசல் காட்டுக்குள் வண்டி போகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். வண்டி மஹிந்திரா டீசல் தார், ஃபோர் வீல் டிரைவ், ஆளும் டூல்ஸுமாக எப்போதும் நிறைந்தே போகும். ஆர்.சி.யில் லேடன் வெயிட், அதாவது ஆளும் சுமையும் ஏற்றிய எடை, 2300 கிலோவை ஒட்டி இருக்கிறது. புதைந்த வண்டியை ரோப் சுற்றி இழுக்கிற மோட்டார் வின்ச் ஒன்று முன்னால் போடலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் 13000 பவுண்டு இழுவை உள்ளதைப் போடச் சொல்கிறார், கூட்டாளி ஒருத்தர் 9500 தாராளம் என்கிறார். எது சரி? கம்பி ரோப்பா, சிந்தெடிக் ரோப்பா? பேட்டரி மாற்ற வேண்டி வருமா? பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், மழை நாளில் ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை தடவை ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கோவை_பட்டறை:
உங்கள் கூட்டாளி சொன்னதுதான் சரிங்க. ஏற்றிய எடையில் ஒன்றரை மடங்கு என்பது பொதுக் கணக்கு. 2300-க்கு 3450 கிலோ வரும், 9500 பவுண்டு என்பது சுமார் 4300 கிலோ, போதும். ஆனால் அந்த 9500, ரோப் சுற்றுகிற டிரம்மில் அடியில் உள்ள முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். ரோப்பை முழுக்க இழுக்காமல் பத்தடி தூரத்திலேயே கொக்கியை மாட்டினால் நாலாவது அடுக்கில் இழுக்கும், அங்கே 6000 பவுண்டு கிடைத்தாலே அதிகம். அதனால் 13000-க்குக் கொடுக்கிற காசில் ஒரு நல்ல கப்பி வாங்குங்கள், ஸ்னாட்ச் பிளாக் என்று கேட்டால் தருவார்கள். கப்பியை எதிரே கட்டி, ரோப்பை அதில் மடக்கி வண்டிக்கே திருப்பி மாட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகம் பாதியாகும், ஆகட்டுமே.

கரிசலுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது வெறும் எடை இல்லை, மண் வண்டியைக் கவ்விப் பிடிக்கும். சக்கரம் மட்டும் புதைந்தால் வண்டி எடை அளவுக்கு இழுவை வேண்டும், மட்கார்டு வரை இறங்கிவிட்டால் இரண்டு மடங்கு என்று ராணுவத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் மம்பட்டியை எடுத்து சக்கரத்துக்கு முன்னாலும் அடித்தட்டுக்குக் கீழேயும் மண்ணைத் தள்ளிவிட்டு அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள்.

பேட்டரி: முழு பளுவில் மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதில் கால்வாசி கொடுத்தாலே பெரிது. ஆகையால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கொஞ்சம் இழுத்து, மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி இழுங்கள். இப்போது இருக்கும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மாற்ற வேண்டாம். கேபிள் மட்டும் தடிமனாக, மெயின் ஸ்விட்ச் ஒன்று வைத்துப் போடுங்கள்.

தாராபுரத்தான்:
எல்லாம் சரி, ரோப்பை எதில் கட்டுவீங்க? அந்தக் காட்டில் மரம் எங்கே இருக்கு?

இன்னொன்று. முன் பம்பரில் வின்ச் இருந்தால் வண்டி முன்பக்கமாகத்தான் வரும். சேற்றுக்குள் மூக்கை விட்டவன் வெளியே வர வேண்டியது பின்பக்கம்.

உடுமலை_காத்தாடி:
அண்ணா, நியாயமான கேள்வி. மரம் இல்லைதான், வரப்பு ஓரத்தில் எங்காவது ஒரு வேம்பு, வெள்வேலா மரம் இருந்தால் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் யார்டு கம்பத்தில் கட்டலாமா?

தாராபுரத்தான்:
கட்டாதீங்க தம்பி. கம்பம், அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி எதிலுமே கூடாது. ஈரக் கரிசலில் கம்பம் சாய எவ்வளவு நேரம் ஆகும், மேலே கரண்ட் லைன் போகுது. தென்னையும் வேண்டாம், அதற்கு ஆணிவேர் கிடையாது, இளம் மரம் என்றால் சாய்ந்தே போகும், தோட்டக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார். வேம்பு கிடைத்தால் அடிமரத்தில் அகலமான பெல்ட் போட்டுக் கட்டுங்கள், ரோப்பை நேரடியாகச் சுற்றினால் பட்டை உரிந்துவிடும்.

மரமே இல்லாத இடத்தில் ஸ்டெப்னிதான் மரம். வண்டியிலிருந்து தள்ளி, இடுப்பளவு குழி தோண்டி, டயரை நிமிர்த்தி வைத்து, ரிம் ஓட்டைக்குப் பின்னால் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்து பெல்ட்டை மாட்டுங்கள். பெல்ட் வெளியே வர வண்டிப் பக்கம் சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டணும், இல்லாவிட்டால் இழுக்கும்போது டயர் மேலே கிளம்பிவிடும். வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. மேல் சேற்றுக்குக் கீழே மண் கெட்டியாக இருக்கும், நன்றாகப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு மோட்டார் வின்ச்சே தேவையில்லை. கரண்ட் லைன் இழுக்கிறவர்கள் வைத்திருக்கும் கை வின்ச், டிர்ஃபர் என்பார்கள், 3 டன் வகை ஒன்று வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால், பின்னால் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், டிரம் இல்லாததால் அடுக்குக் கணக்கும் இல்லை, பேட்டரியும் வேண்டாம். லீவரை ஆட்டி ஆட்டித் தோள் கழன்றுவிடும், ஆனால் உங்களோடுதான் ஆள் இருக்கிறார்களே.

கோவை_பட்டறை:
கை வின்ச் யோசனை எனக்கும் சரியாகத்தான் படுகிறது, பட்டறைக்காரன் வாயாலேயே சொல்கிறேன். மோட்டார் வின்ச்சும் ஸ்டீல் பம்பரும் சேர்ந்தால் முன்னால் நூறு கிலோவுக்குப் பக்கம் ஏறும், ஏற்கெனவே கனமான டீசல் மூக்கு சேற்றில் இன்னும் ஆழமாக இறங்கும். தவிர, 2017 டிசம்பரில் புல் பாருக்கு (வண்டி முன்னால் தனியாக மாட்டும் இரும்புத் தடுப்பு) எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதிலிருந்து பெரிய பம்பரைப் பார்த்தால் நிறுத்துகிறார்கள், ஏர்பேக் உள்ள வண்டியில் அது வேறு தொல்லை. மோட்டார்தான் வேண்டும் என்றால் ஒரிஜினல் பம்பருக்குப் பின்னால் ஒளித்து, சேஸிஸோடு போல்ட் போடும் பிளேட்டாகப் பாருங்கள்.

ரோப் கேட்டிருந்தீர்கள். சிந்தெடிக் எடுங்கள். அறுந்தாலும் கம்பி அளவுக்குச் சாட்டை போல வீசாது, தூக்கவும் லேசு. ஆனால் கரிசல் சேறு உள்ளே போய்க் காய்ந்தால் இழையை அரிக்கும், வீட்டுக்கு வந்ததும் முழுக்க இழுத்துத் தண்ணீரில் அலசணும், வெயிலில் கிடக்க விடக்கூடாது. சோம்பேறித்தனம் இருந்தால் கம்பி ரோப்பே மேல், தோல் கையுறையோடு. எந்த ரோப்பானாலும் இழுக்கும்போது நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள், யாரையும் ரோப்பைத் தாண்ட விடாதீர்கள்.

உடுமலை_காத்தாடி:
சரிங்ணா, இந்த வருஷம் கை வின்ச், கப்பி, பெல்ட் இரண்டு, அவற்றைக் கோர்க்க ஷேக்கிள் என்கிற இரும்பு வளையம். மோட்டார் வின்ச் பிறகு பார்க்கலாம். தாரின் பின்பக்கம் டிரெய்லர் மாட்டும் டோ பந்து மட்டும்தான் இருக்கிறது, அதில் மாட்டி இழுக்கலாமா?

தாராபுரத்தான்:
வேண்டாம். பந்து உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும். சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி ஒன்று முதலில் வைத்துவிடுங்கள்.