மருந்துக்கு மசியாத ஈரல்புழு

(எங்கள் வீட்டு அரட்டைக் குழு, மே மாத இறுதி. அண்ணன் ஆடு வளர்ப்பது ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில்)

அண்ணன்: இன்று காலை செம்மறிகளை மேய்ச்சலுக்கு ஓட்டியபோது ஐந்து ஆடுகள் நடக்க முடியாமல் பின்தங்கின. பிடித்துக் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தேன். உட்புறம் காகிதம்போல் வெளுத்திருந்தது. ஆறு வாரத்துக்கு முன்புதான் ஈரல்புழுவுக்கான ட்ரைக்ளாபெண்டசோல் மருந்தைப் புகட்டினேன் என்பதால் குழப்பமாக இருக்கிறது.

அப்பா: தாடைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறதா, தம்பி? நம் ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகளுக்கு ஈரல்புழு கண்டால் அப்படித்தான் பை போலத் தொங்கும்.

அண்ணன்: இரண்டு ஆடுகளுக்குத் தொங்குகிறது, அப்பா.

அக்கா: நம் ஊரில் காண்பது அதன் பெரிய இனம், அப்பா. கிப்ஸ்லாந்தில் இருப்பது வேறு இனம் என்றாலும், சேற்று நத்தைக்குள் வளர்ந்து, புல்லில் ஒட்டி, ஆட்டின் ஈரலைத் துளைப்பதில் இரண்டும் ஒன்றுதான். தம்பி, இன்றே பத்து ஆடுகளின் சாணத்தைத் தனித்தனியாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. இந்த முட்டை கனமானது. அதனால் சாணக் கரைசலை மிதக்க விடாமல், படிய விட்டு அடிமண்டியில்தான் தேடுவார்கள். பொன்னிறத்தில், ஒரு முனையில் மூடியோடு தெரியும்.

நான்: அண்ணா மருந்து கொடுத்த பிறகு புதிதாகத் தொற்றிய புழுவின் முட்டையாகவும் அது இருக்கலாம் அல்லவா, அக்கா?

அக்கா: இருக்க முடியாது, அதுதான் இங்கே முக்கியமான கணக்கு. புல்லோடு உள்ளே போன குஞ்சுப்புழு வளர்ந்து முட்டையிடப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். செத்த புழுவின் பழைய முட்டைகள் பித்தப்பையில் தங்கி இரண்டு மூன்று வாரம் வெளிவரலாம். ஆறு வாரம் கழித்தும் முட்டை தெரிந்தால், மருந்துக்குப் பிழைத்த புழுதான் அதை இட்டிருக்க வேண்டும்.

அண்ணன்: நான் அளவைக் குறைத்துக் கொடுத்திருப்பேனோ என்று நினைக்கிறேன். எல்லா ஆட்டையும் நிறுக்காமல் சராசரி எடைக்குத்தான் புகட்டினேன்.

அக்கா: அந்தச் சந்தேகத்தையும் ஒதுக்கக் கூடாது. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்பது கணக்கு என்பதால், சராசரிக்குக் கொடுத்தால் கனத்த ஆடுகளுக்குக் குறைந்துவிடும், அரைகுறை அளவில் பிழைக்கும் புழுவே பெருகும். ஆனாலும் மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் எதிர்ப்புத்திறன் உங்கள் நாட்டுப் புழுவுக்குப் புதிதல்ல. 1983இல் வந்த இந்த மருந்து செம்மறியில் தோற்றதாக முதல் அறிக்கை 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வந்தது, பிறகு ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து என்று பரவியது. இரண்டு வாரக் குஞ்சு முதல் கிழட்டுப் புழு வரை கொல்லும் ஒரே மருந்து என்பதால் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் இதையே புகட்டினார்கள். ஒரு முட்டையிலிருந்து வரும் லார்வா நத்தைக்குள் நுழைந்து ஒரே மரபணுவோடு நூற்றுக்கணக்காகப் பெருகுவதை நினைத்துப் பார். பிழைத்தது ஒன்றாக இருந்தாலும் அடுத்த பருவத்தில் மேய்ச்சல் நிலம் முழுவதும் அதன் நகல்தான். லிவர்பூல் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவின்படி இந்த எதிர்ப்புத்திறன் ஓங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது, அதாவது தாய் தந்தையில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும்.

நான்: அப்படியானால் இப்போது என்ன புகட்டுவது, அக்கா?

அக்கா: நோயுற்ற ஆடுகளுக்கு அதே மருந்தை இரட்டிப்பாக்கிச் சோதிக்க வேண்டாம். க்ளோசன்டெல் என்ற வேறு மருந்து ஏழெட்டு வாரத்துக்கு மேற்பட்ட புழுவைக் கொல்லும், இளம்புழுவை விட்டுவிடும் என்பதால் மறுபடியும் எப்போது கொடுப்பது என்று உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேள். ஆனால் கவனமாக எடை போடு, அது அளவு மிஞ்சினால் ஆட்டின் பார்வையே போய்விடும்.

அப்பா: சென்ற ஆண்டு சந்தையில் வாங்கிய முப்பது ஆடுகளைத் தனியே கட்டி வைத்தாயா, தம்பி?

அண்ணன்: இல்லை, அப்பா. வந்த அன்றே மந்தையோடு விட்டுவிட்டேன், அவற்றுக்கு அங்கே என்ன புகட்டினார்கள் என்றும் கேட்கவில்லை.

அக்கா: எதிர்ப்புத்திறன் கொண்ட புழு அவற்றோடு வந்திருக்கலாம், தம்பி. இனி வாங்குவதை மேட்டு நிலத்தில் மூன்று நான்கு வாரம் நிறுத்து. ஈரலைத் தாக்கும் பாக்டீரியாவால் வரும் கருப்பு நோய்க்கான தடுப்பூசியும் தவறாதே, புழு துளைத்த ஈரலில்தான் அந்தக் கிருமி விழித்துக்கொள்ளும்.

அண்ணன்: சரி, அக்கா. பத்துப் பைகளிலும் ஆட்டின் காதணி எண்ணை எழுதி நாளைக் காலை அனுப்புகிறேன். மதியத்துக்குள், நத்தை இருக்கும் ஆற்றோரச் சேற்றுப் பள்ளத்துக்கு வேலி போட ஆளும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா: வேலி போடும்வரை ஆடுகளைப் பள்ளத்துப் பக்கம் விடாதே, தம்பி. தண்ணீர் மேட்டில் தொட்டியில் வை.